பீலியும் செய்மதியும்: மாவனல்லை மலைப்புறத்தில் இடங்குறித்தலின் வரலாறு

ஆற்றுநீர், ஊற்றுநீர், மண், சேறு ஆகியவற்றைப் போத்தல்களிலும் பைகளிலும் எடுத்துச் சென்று ஆய்வுகூடத்திற் சோதிக்கும் வழக்கம் எமது நாட்டில் நன்கு வேரூன்றிவிட்டது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும், அதன்வழி 1981 இல் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இத்தகைய சோதனைகளுக்குச் சட்டத்தின் வலுவை அளித்தன. நீரிலுள்ள நைத்திரேற்று எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்பன பதின்மத் தானங்கள் வரையிற் கணிக்கப்படுகின்றன. ஆயின் அந்நீர் எவ்விடத்தில் எடுக்கப்பட்டது என்னும் வினாவுக்கு "மாவனல்லைக்கு அண்மையில்" என்பதே விடையாயின், அப்பெறுபேற்றைக் கையிற் கொண்டு எவரும் மீண்டும் அதே ஊற்றுக்குச் செல்லுதல் இயலாது. இவ்வினாவுக்கு விடையளிக்கும் முறை மாவனல்லைப் பகுதியிலும் அதனைச் சூழ்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களிலும் எவ்வாறு மாறிவந்தது, செய்மதி வழியே இடங்குறிக்கும் இக்காலத்தில் அது எத்தகைய நிலையை அடைந்துள்ளது என்பனவற்றை நாம் இக்கட்டுரையில் நோக்குவாம்.

மாவனல்லை கொழும்பு–கண்டி வீதியில், கடுகண்ணாவைக் கணவாயின் ஏற்றம் தொடங்குவதற்கு முன்னர், மா ஓயாவின் கரையில் அமைந்துள்ள ஊர். அரநாயக்க மலைப்புறத்து நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் மா ஓயா, இவ்வூரைக் கடந்து ரம்புக்கனை, அலவ்வை வழியாக மேற்கே சென்று கொச்சிக்கடையிற் கடலோடு கலக்கின்றது. ஆங்கிலத் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் வெட்டப்பட்ட கண்டி வீதிக்கு இவ்வாற்றின் குறுக்கே 1830 களின் தொடக்கத்திற் கட்டப்பட்ட வளைவுப் பாலம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. தெற்கே பத்தலேகலைக் குன்றும், வடகிழக்கே அலகல்லை மலையும், வீதியோரத்தில் சரதியலின் ஒளிவிடமாகப் பெயர்பெற்ற உதுவன்கந்தையும் கண்ணுக்கு அடையாளங்களாக நிற்கும் இந்நிலப்பரப்பில், வழிதவறுவோர் தலைநிமிர்ந்து நோக்கினாலே தாம் நிற்கும் திசையை ஒருவாறு உணரலாம். எனினும் ஒரு மலைச்சரிவின் நான்கு ஊற்றுகளுள் எது என்று பிறருக்கு உரைக்க இக்குன்றுகள் உதவா.

வீதி வருவதற்கு முன்னர் கண்டி இராச்சியத்து மக்கள் நிலத்தை அதில் விதைக்கும் நெல்லின் அளவாற் கணித்தனர். ஓர் அமுனம் நெல் விதைக்கும் வயல் ஓர் அமுனமாயிற்று. மண்ணின் வளத்துக்கேற்ப விதைநெல்லின் அளவு வேறுபடுமாதலால், அளவும் நிலத்துக்கு நிலம் வேறுபட்டது. கரையோரத்தில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் எழுதிவைத்த தோம்புகள் காணியை அதன் உடையவராலும் எல்லை மரங்களாலும் அயற்காணிகளாலும் அடையாளப்படுத்தின. தூரத்தைக் கூப்பிடு தூரம் என்றனர். வீதியும் மைற்கற்களும் வந்தபின் தமிழ்மக்கள் நாவிற் "கட்டை" என்னும் சொல் மைலுக்குப் பெயராயிற்று. இன்றும் எமது முதியோர் இடத்தைக் கட்டைக் கணக்கிலே கூறுதல் கண்கூடு. இம்முறைகளை ஏளனஞ் செய்வதற்கில்லை. அவ்வூரிலே பிறந்து வளர்ந்தவனுக்கு அவை செவ்வனே பயன்பட்டன. வெளியிலிருந்து வந்தவனே அவற்றால் இடர்ப்பட்டான்.

வெளியிலிருந்து வந்தவர்கள் தமக்கென ஒரு முறையை அமைத்துக்கொண்டனர். தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1800 ஆகத்து 2 ஆம் நாள் நில அளவைத் திணைக்களத்தை நிறுவி, பிரெஞ்சுக்காரரான யோசெப் யோன்வில் என்பவரை அதன் முதல் நில அளவையாளர் நாயகமாக்கினார். இயற்கை நூல் வல்லுநர் ஒருவர் நாட்டின் முதல் நில அளவைத் தலைவராயிருந்தமை சுவையான செய்தியே. ஆயின் திணைக்களத்தின் வேலை பெருகியது கோப்பிக்காலத்தில்தான். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உறுதியில்லாக் காடும் தரிசும் முடிக்குரியனவாகக் கருதப்பட்டு, ஏக்கர்க் கணக்கில் விற்கப்படலாயின. விற்பனைக்கு எல்லை வேண்டும்; எல்லைக்கு அளவை வேண்டும்; எனவே சங்கிலியும் திசையறிகருவியும் காட்டுக்குள் நுழைந்தன. 1869 இற் கோப்பி இலைநோய் தோன்றி அப்பயிரை அழித்தபின் தேயிலையும், 1876 இல் ஹெனரத்கொடைக்கு வந்துசேர்ந்த இறப்பரும் அதே எல்லைகளுக்குள் இடம்பெற்றன. 1889 இற் சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று. கேகாலைப் பகுதியிற் பெரும்பாலும் இறப்பரும், அரநாயக்க போன்ற உயர்ந்த இடங்களில் தேயிலையும் பரவின.

தனித்தனித் தோட்டப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு நாடு முழுவதற்குமான ஒரு சட்டகம் தேவைப்பட்டது. 1857 இல் முக்கோண அளவை தொடங்கிற்று. நீர்கொழும்புக்கு அருகேயுள்ள கந்தவலையில் ஓர் அடிக்கோடும் மட்டக்களப்பில் ஓர் அடிக்கோடும் அளக்கப்பட்டு, அவற்றிலிருந்து மலையுச்சிக்கு மலையுச்சி கோணங்கள் அளந்து முக்கோண வலை பின்னப்பட்டது. இவ்வலையை ஜே. ஈ. ஜக்சன் மீளக் கணித்துத் திருத்தி 1933 இல் வெளியிட்டார். புவியின் வடிவுக்கு இந்திய நில அளவையாளர் நாயகமாயிருந்த ஜோர்ஜ் எவரெஸ்ற்று 1830 இற் கணித்த கோளவுரு கொள்ளப்பட்டது; நாட்டின் மிகவுயர்ந்த சிகரமான பிதுருதலாகல ஆள்கூற்றுச் சட்டகத்தின் மையமாயிற்று. புவியின் உருவை இன்னதெனக் கொண்டு, இன்ன இடத்திலிருந்து அளப்போம் என்னும் இத்தகைய அடிப்படைத் தீர்மானத்தை அளவையாளர் "டேற்றம்" என்பர். எமது பழைய டேற்றம் கந்தவலையின் பெயரையே தாங்கியது. இவ்வளவை வரலாற்றை விரிவாக அறிய விழைவோர் ஆர். எல். புரோகியர் 1950 களின் தொடக்கத்தில் எழுதி வெளிவந்த நூலை நாடுவர். தாமே நில அளவையாளராயிருந்த அவரின் எழுத்தில் அலுவலக ஆவணத்தின் வறட்சி இல்லை.

இவ்வளவையாற் பெருந்தோட்டத்தின் நிலம் நன்கு அறியப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் அவ்வாறு அறியப்பட்டனர் என்று கூறுதற்கில்லை. நாம் பார்த்த தோட்டப் படங்களில் பயிர்நிலம் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஏக்கரின் பின்னம் வரை கணிக்கப்பட்டுள்ளது. லயன்கள் சிறு நீள்கட்டங்களாக மட்டும் நிற்கின்றன. துரைமார் தமது ஊர்களின் நினைவாகச் சூட்டிய பெயர் படத்தில் உள்ளது. அதே இடத்துக்குச் சிங்களக் கிராமத்தார் வழங்கிய பெயர் சிலவற்றில் உள்ளது. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயர் அரிதாகவே காணப்படுகின்றது. மலைகளுக்கும் கான்களுக்கும் பீலிகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் ஏட்டிலேறாமல் வாய்வழியே வாழ்ந்தன. லயன் வீடுகளிற் பலவற்றுக்குத் தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே அங்குள்ள அனைவருக்கும் முகவரியாயிருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறியபோதும், கேகாலை மாவட்டத்திற் சில துண்டாடப்பட்டபோதும், 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் இப்பெயர்கள் பலவற்றை அறிந்தோர் அவ்விடங்களை விட்டு நீங்கினர். அக்காலத்து ஆய்வுக்குறிப்பு ஒன்றில் "மேற்பிரிவுப் பெரிய பீலி" என்றிருப்பின், அப்பெரிய பீலி யாது என்பதை இன்று யாரிடம் வினவுவது?

இந்நிலையிலேதான் செய்மதி வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நவ்ஸ்ரார் வரிசையின் முதற் செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்ரெம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானமொன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுட் புகுந்து சுட்டுவீழ்த்தப்பட்ட பின்னர், சனாதிபதி றேகன் இவ்வொழுங்கு முழுமை பெற்றதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் திறக்கப்படும் என அறிவித்தார். 1995 இல் அது முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்திற் சுற்றும் செய்மதிகள் தாம் அனுப்பும் குறியுடன் அனுப்பிய நேரத்தையும் சேர்த்து அனுப்புகின்றன. குறி வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கருவி கணிக்கின்றது. நான்கு செய்மதிகளின் குறி கிடைப்பின் இடமும் உயரமும் கருவியின் கடிகாரப் பிழையும் ஒருங்கே தெரியவரும். நேரத்தில் ஒரு செக்கனின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரத்தில் 300 மீற்றர் பிழைக்கும். எனவே அணுக்கடிகாரங்கள் வேண்டப்பட்டன.

ஆயினும் பொதுமக்களுக்கு விடப்பட்ட குறியில் அமெரிக்கப் படைத்துறை வேண்டுமென்றே ஒரு தடுமாற்றத்தைக் கலந்து வைத்திருந்தது. அதனாற் பிழை 100 மீற்றர் வரை சென்றது. தார்ப்பாலைவனத்தில் 100 மீற்றர் பிழைத்தாற் கேடில்லை. மாவனல்லைக்கு மேலுள்ள சரிவுகளில் 100 மீற்றர் என்பது ஓர் ஓடைக்கும் அடுத்த ஓடைக்கும் இடையிலுள்ள தூரமாக இருக்கக்கூடும். ஓடையொன்றின் மேற்புறத்தில் உரமிடப்பட்ட தேயிலையும், மற்றொன்றின் மேற்புறத்திற் காடும் இருக்குமாயின், இரண்டையும் மாற்றிக் குறித்தவரின் ஆய்வு காட்டைக் குற்றஞ்சாட்டி முடியும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அத்தடுமாற்றம் நீக்கப்பட்டது. அதன்பின் கையடக்கக் கருவிகள் திறந்தவெளியிற் பத்து மீற்றரளவிலும் அதனினுங் குறைவாகவும் பிழைத்து இடங்காட்டலாயின. ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளும் இன்று உடன் உதவுகின்றன. சுற்றாடல் ஆய்வாளர் இக்கருவியைப் பரவலாக ஏந்தத் தொடங்கியது இம்மாற்றத்தின் பின்னரே எனல் பொருந்தும்.

இவ்விடத்து நாம் சற்று விரிவாகக் கூறவேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. செய்மதிக் கருவி கந்தவலையை அறியாது. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் உலகப் பொது டேற்றத்தின்படி அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தருகின்றது. எமது பழைய படத்தின் ஓரங்களில் அச்சிடப்பட்ட கோடுகளோ எவரெஸ்ற்றின் கோளவுருவின்படியானவை. பிதுருதலாகலயின் நெடுங்கோடு பழைய கணிப்பில் கிழக்கு 80 பாகை 46 நிமிடம் 18 செக்கன். செய்மதிக் கணிப்பில் அதே சிகரம் 80 பாகை 46 நிமிடம் 26 செக்கனளவில் நிற்கின்றது. மலை அசையவில்லை. மாவனல்லைப் பகுதியில் இவ்வேறுபாட்டைக் கணித்தால் நிலத்தில் இருநூறு மீற்றருக்கும் மேற்பட்டு, ஏறத்தாழ 230 மீற்றர், பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமைகின்றது. கருவி காட்டிய எண்ணை மாற்றமின்றிப் பழைய படத்திற் பதிப்பவர், 1:50,000 அளவுத்திட்டப் படமாயின் நாலரை மில்லிமீற்றர் கிழக்கே புள்ளியிடுவார். 1:10,000 படமாயின் இரண்டு சதமமீற்றருக்கும் அதிகமாகப் பிழைப்பார். செய்மதி பத்து மீற்றருக்குத் திருந்தியபின்னும் ஆய்வாளரின் கவனக்குறைவால் இருபது மடங்கு பிழை உள்ளே புகுந்துவிடுகின்றது. அதனிலும் கொடியது யாதெனின், எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் விலகுவதாற் படம் ஒழுங்காகவே தோன்றும். ஒரு புள்ளி ஆற்றினுள் விழுந்தாலன்றி ஐயம் எழாது.

நில அளவைத் திணைக்களம் 1990 களின் பிற்பகுதியிற் செய்மதி வழி நாட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மீள அளந்து, 1999 ஆம் ஆண்டின் பெயர்கொண்ட புதிய இலங்கை டேற்றத்தை அமைத்தது. பழைய மீற்றர்ச் சட்டகத்திற் பிதுருதலாகலைக்கு வடக்கும் கிழக்கும் 2,00,000 என எண்ணிடப்பட்டிருக்க, புதியதில் அவை 5,00,000 ஆயின. மாவனல்லை நகர் பழையதில் ஏறத்தாழ கிழக்கு 1,64,000, வடக்கு 2,27,000. புதியதில் 4,64,000, 5,27,000. ஆதலின் எண்ணைக் கண்ட மாத்திரத்தே அது எச்சட்டகத்தினது என அறியலாம். பாகையிலே குறிப்போருக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் மற்றுமொரு குழியிலும் வீழ்வதுண்டு. 7.25 பாகை என்பது 7 பாகை 15 நிமிடம். அதனை 7 பாகை 25 நிமிடம் என வாசித்தால் மாவனல்லையின் நீர் 18 கி.மீ. வடக்கே குருநாகல் மாவட்டத்தினுள் ஊறத் தொடங்கும். பதின்மத்தின் பின் நான்கு தானங்கள் எழுதினால் ஏறத்தாழ 11 மீற்றர் வரை இடந்தெரியும். இரண்டு தானங்களோடு நிறுத்தினால் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பே தெரியும். ஆய்வேடுகள் சிலவற்றில் இரண்டு தானங்களை நாம் கண்டதுண்டு.

உயரம் பற்றி ஒரு சொல். இலங்கையைச் சூழ்ந்த கடலில் ஈர்ப்புச் சமநிலைப் பரப்பு உலகிலேயே மிகத் தாழ்ந்த பகுதிகளுள் ஒன்றாகும். செய்மதி கொள்ளும் கோளவுருவினின்றும் அது ஏறத்தாழ 100 மீற்றர் கீழே அமைந்துள்ளது. திருத்தமின்றி உயரத்தைக் காட்டும் கருவியொன்றைக் கொழும்புக் கடற்கரையிற் பிடித்தால், தாம் கடலின் அடியில் நிற்பதாக அது கூறக் காணலாம். நீர் எப்பக்கம் ஓடும் என்பதே வினாவாகிய ஆய்வில் இதனை மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் நுணுகிப் பேசுவது ஏன் என வினவுவோர்க்கு 2016 மே 17 ஆம் நாளை நினைவூட்டுவோம். அன்று அரநாயக்கவில் சாமசர மலையின் ஒருபகுதி பெருமழையால் இடிந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் பாய்ந்து, சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளின்மீது விழுந்து தோட்டமக்களின் உயிர்களைக் கொண்டது. 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல், முதலிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலும் பின்னர் கேகாலை, இரத்தினபுரி முதலியவற்றிலும் மண்சரிவு அபாய வலயப் படங்களை வரைந்துவந்துள்ளது. பாறை, மேற்படிவு, சரிவுக் கோணம், நீர்நிலை, நிலப்பயன்பாடு, நிலவுரு ஆகியவற்றை இடத்துக்கிடம் குறித்தே அப்படங்கள் ஆக்கப்படுகின்றன. அவ்வலயத்தின் எல்லைக்கோடு ஒரு லயனின் மேற்புறத்தாற் செல்கின்றதா கீழ்ப்புறத்தாற் செல்கின்றதா என்பதைப் பொறுத்தே அங்குள்ள குடும்பங்களுக்கு மாற்றுக்காணி கிடைப்பதும் கிடையாமற் போவதும் தீர்மானமாகின்றன. இருநூறு மீற்றர் அங்கே சிறு தூரமாகாது. தனி முகவரியில்லாத வீட்டாருக்கு, தம் வீடு இன்னதெனச் சுட்டும் ஓர் எண் அரச ஏட்டிற் பதிவதே முதன்முறையாக நிகழும் செயலாயிருத்தலும் உண்டு.

நீரின் வழக்குகளிலும் இதே நிலை. வடக்கிலே சுன்னாகம் மின்னிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2013 ஐ அடுத்த ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாக எழுந்து, 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. கிணற்று நீரில் எண்ணெய் உண்டு என்று காட்டுவது ஒன்று. அவ்வெண்ணெய் எத்திசையிலிருந்து எத்திசைக்குப் பரவுகின்றது என்று காட்டுவது மற்றொன்று. பின்னையதற்குக் கிணறுகளின் இடம் திருத்தமாகத் தெரிதல் இன்றியமையாதது. யாழ்ப்பாணத்தின் சமதரையும் திறந்த வானும் கருவிக்கு வாய்ப்பானவை. மாவனல்லை மலைப்புறத்தில் பள்ளத்தாக்கின் இருபுறமும் வானை மறைக்கின்றன. முதிர்ந்த இறப்பர் மரங்களின் இலைச்செறிவு குறியை மங்கச் செய்கின்றது. பாறைமுகத்திற் பட்டுத் தெறித்த குறி தூரத்தைக் கூட்டிக் காட்டுகின்றது. ஓரிடத்தில் நின்று சில நிமிடங்கள் தொடர்ந்து வாசித்துச் சராசரி காண்பதும், பிறிதொரு நாளில் வந்து மீண்டும் வாசிப்பதும் தவிர இதற்கு எளிய மருந்தில்லை. மாசிப் பனிக்குப்பின் இறப்பர் இலையுதிர்க்கும் காலத்தில் வாசிப்புகள் தெளிவாக அமைவதை நாம் அனுபவத்திற் கண்டோம்.

அத்தகையதொரு நாளில் நாம் அரநாயக்க வீதியிலிருந்து விலகிய ஒரு தோட்டத்தின் லயன்களுக்குக் குடிநீர் தரும் பீலியொன்றில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். கருவி நன்கு வாசித்தது, டேற்றத்தைச் சரிபார்த்தோம், ஐந்து தானங்கள் வரை எழுதி, அவ்விடத்துக்கு "ஊற்று 4" என இலக்கமும் இட்டோம். குடத்துடன் வந்த முதிய தாயொருவர் எமது வேலையைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது ஊத்து இல்லீங்க ஐயா, கோயில் பீலி. தண்ணி இங்க ஊறல, மேல இருந்து கொழாயில வருது" என்றார். பழைய கோயில் பீலி வேறிடத்தில் இருந்ததென்றும், கான் உடைந்து மண் சரிந்தபின் பெயரைமட்டும் இங்கே கொண்டுவந்ததாகவும் அவர் விளக்கினார். நாம் குழாயைப் பின்தொடர்ந்து மேலேறினோம். அது தேயிலை மலையொன்றைக் குறுக்கே கடந்து, பற்றைக்குள் மறைந்து, முக்கால்மணி நேர ஏற்றத்தின்பின் பாறையிடுக்கில் முடிந்தது. அங்கே மற்றொரு மாதிரியும் மற்றொரு வாசிப்பும் எடுத்தோம். குறிப்பேட்டில் "ஊற்று 4" என்பதை வெட்டி, கீழிடத்துக்குக் "கோயில் பீலி (புதியது)" என்றும், மேலிடத்துக்கு அத்தாய் கூறிய பெயரையும், இரண்டு வரிசை ஆள்கூறுகளையும், இடையிற் குழாய் செல்லும் வழியையும் எழுதினோம். பழைய கோயில் பீலி இருந்த இடத்தையும் அவர் காட்டித்தந்தார். நீரில்லாத அவ்விடத்திலும் கருவியைப் பிடித்து ஒரு வாசிப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.